வெளுக்காத பாட்டில்

“ஹாரனை அடி கனி. கையை எடுக்காதே.”

“அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்க்கா. ஹாரனுக்கே தொண்டை கட்டிப் போச்சு. அந்த பஸ் டிரைவர் மனசுதான் இளகல.”

கராச்சர்மாவிலிருந்து போர்ட் பிளேர் ஊருக்குள் போகும் பஸ், சாலையின் நட்டநடுவில் தேர் மாதிரி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் நாகூர் கனியின் ஜீப் மூக்கை நுழைக்க இடம் தேடியது. முன் இருக்கையில் விசாலாட்சி. மடியில் ஒரு கண்ணாடித் தம்ளர், காலடியில் தண்ணீர்க் கூஜா. ஜீப் குழியில் இறங்கி ஏறிய போதெல்லாம் தம்ளரைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“பாட்டிலுக்கு அரக்கு வைக்கறதுக்கு முன்னால நான் ஸ்டேஷன்ல இருக்கணும். வச்சுட்டா அது நேரா கப்பலுக்குப் போயிடும்.”

“போனா என்னக்கா? கல்கத்தாவுல பெரிய பெரிய ஆளுங்க சோதிச்சு உண்மையைச் சொல்லிடுவாங்க.”

“சொல்லுவாங்க. இந்த மழை முடிஞ்சு அடுத்த மழை பிடிக்கிறப்போ சொல்லுவாங்க. அதுவரைக்கும் குழந்தைவேலு உள்ளேயே கெடக்கணும்.”

பின் சீட்டில் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்த பொன்னம்மா, காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வியை மறுபடி கேட்டாள். அவள் குழந்தைவேலுவின் மனைவி.

“அந்தப் பாட்டில்ல விஷம் இல்லேன்னு காட்டிட்டா அவரை விட்டுருவாங்கல்ல அக்கா?”

“விட்டுத்தான் ஆகணும்.”

“பாட்டில்ல ஒண்ணும் இருக்காதுக்கா. நீங்க சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க, போதும்.”

விசாலாட்சி திரும்பி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

விசாலாட்சிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. சென்னைத் துறைமுகத்தில் சுங்க இலாகா உத்தியோகம் பார்த்தவள். பெண் பயணிகளின் பெட்டிகளையும் புடவைக் கட்டுகளையும் துழாவி வெளிநாட்டுச் சரக்கைப் பிடிப்பதில் பெயர் எடுத்தவள். பொதுப்பணித்துறையில் இருந்த கணவருக்குப் போர்ட் பிளேர் மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டுக் கூடவே கப்பல் ஏறினாள். கணவரை மலேரியா கொண்டுபோனது. அவள் திரும்பிப் போகவில்லை. கராச்சர்மா வீட்டு வாசலில் ‘துப்புத் துலக்கித் தரப்படும்’ என்று ஒரு பலகையை மாட்டினாள். முதல் வருஷம் வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் காணாமல் போன ஆடுகள்.

நாகூர் கனி அவளுக்கு ஜீப்பும் உதவியாளனும் ஒன்றாக வந்தவன். சம்பளம் வாங்குவதில்லை, பெட்ரோல் மட்டும். சம்பளம் வாங்கினால் மரியாதையாகப் பேச வேண்டியிருக்கும் என்பது அவன் கட்சி.

இந்த வழக்கில் ஆடு இல்லை. மனிதன் செத்திருந்தான்.

முந்தாநாள் சாயங்காலம், மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் மரக் காண்டிராக்டர் பக்தவத்சலத்தின் பங்களாவில் சின்ன விருந்து. கூட்டாளி ஜம்புலிங்கம் பெருமையாகக் கொண்டுவந்த பிரெஞ்சு பாட்டிலைத் திறந்தார்கள். சமையல்காரன் குழந்தைவேலு முதல் தம்ளரை ஊற்றி, முதலாளி சொன்னபடி தண்ணீர் சேர்த்தான். வெளிர் மஞ்சளாக இருந்த சரக்கு எல்லார் கண்முன்னாலும் பால் போல வெளுத்தது. பக்தவத்சலம் யோசிக்காமல் ஒரே மடக்கில் குடித்தார். நெஞ்சைப் பிடித்தார். சாய்ந்தார். தம்ளர் விழுந்து நொறுங்கியது. ஜம்புலிங்கம், ‘சமையக்காரன் விஷம் வச்சுட்டான்’ என்று கத்தினார்.

ஆஸ்பத்திரி டாக்டர் மாரடைப்பு என்றார். மறுநாள் காலையே தகனமும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் வெளுத்த தம்ளர் கதை பஜாரைச் சுற்றிக்கொண்டு போலீஸ் காதுக்குப் போனது. குழம்பில் உப்பு கூடியதற்காக முதலாளி போன வாரம் ஆட்கள் முன்னால் குழந்தைவேலுவை அறைந்ததும் சேர்ந்தே போனது. பிரேதம் சாம்பலாகிவிட்டது. தம்ளர் சில்லாகிவிட்டது. மிஞ்சியது பாட்டில் ஒன்றுதான்.

பஸ் ஒரு நிறுத்தத்தில் ஒதுங்க, ஜீப் பாய்ந்தது.

*

அபர்தீன் பஜார் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு மண்டல் அரக்குக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டிக்கொண்டிருந்தான். மேஜைமேல் மரப்பெட்டி, வைக்கோல், வைக்கோலுக்கு மேல் பாட்டில்.

“ருகோ பாய், நிறுத்து,” என்று கனி வாசலிலிருந்தே கை நீட்டிக்கொண்டு வந்தான். “அக்கா வந்தாச்சு. அரக்கை ஆற விடு.”

இன்ஸ்பெக்டர் இராமகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாத ஆசாமி.

“வாங்க விசாலாட்சியம்மா. தம்ளரும் கூஜாவுமா வந்திருக்கீங்க. ஸ்டேஷன்ல தண்ணி இல்லேன்னு யாரு சொன்னது?”

“ஒரே ஒரு சோதனை சார். உங்க கையாலயே செய்யுங்க. அந்தச் சரக்குல தண்ணி ஊத்தினா வெளுக்கும். விஷத்தால இல்லை. அதோட சுபாவமே அதுதான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? குடிப்பீங்களா?”

“குடிச்சவனுக்கு வீட்டுக்குப் போற வழியே தெரியாது சார்,” என்றான் கனி. “குடிக்காதவங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.”

விசாலாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இந்த இடத்தில் அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது என்பதைக் கனி கவனித்தான். அக்காவுக்கு உற்சாகம் பிறந்தால் வம்பும் கூடவே பிறக்கும்.

“பெலூஸ்னு ஒரு குடும்பம் சார். பிரான்ஸுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். கொள்ளுத்தாத்தா மருந்துக்கடைக்காரர். வயித்து வலிக்குச் சோம்பை வடிச்சுச் சாராயத்துல கலந்து குடுத்தார். கொஞ்ச நாள்ல ஊருக்கே அடிக்கடி வயித்து வலி வர ஆரம்பிச்சுது. அதோட மருந்துக்கடையை மூடிட்டு ஃபாக்டரி கட்டிட்டார்.”

“புத்திசாலி.”

“பேரன்கள் ரெண்டு பேர். அப்பன் கண்ணை மூடினதும் சண்டை. பெரியவன் தன் பாட்டில் லேபிள்ல சேவல் படம் போட்டான். சின்னவன் கலங்கரை விளக்கம் போட்டான். ஒரே தெரு, எதிரும் புதிருமா ரெண்டு ஃபாக்டரி, உள்ளே போறது அதே சோம்பு. கல்யாணம் கருமாதிக்குக் கூடப் போக்குவரத்து இல்லை. சேவல் குடிக்கறவன் விளக்கு குடிக்கறவன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டான்.”

“எங்க ஊர்ல அண்ணன் தம்பி பிரிஞ்சா கேஸ்தான் நடத்துவான். இவனுங்க ஃபாக்டரி நடத்தியிருக்கான்.”

“கடைசியில அவங்க பிள்ளைங்க, சண்டையில லாபம் இல்லேன்னு கம்பெனியை ஒண்ணாச் சேத்துட்டாங்க. இப்போ லேபிளைப் பாருங்க. விளக்கு உச்சியில சேவல் உக்காந்திருக்கு.”

இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தது.

“சேவலா இருந்தாலும் சரி, விளக்கா இருந்தாலும் சரி, தண்ணி பட்டா வெளுத்தே ஆகணும். சோம்பு எண்ணெய் சாராயத்துல கரையும், தண்ணியில கரையாது. திரிஞ்சு வெள்ளையா நிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். வெளுக்கலேன்னா அது அவங்க சரக்கே இல்லை. சுங்கத்துல போலியை நாங்க அப்படித்தான் பிடிப்போம்.”

“வெளுக்கலேன்னா போலி,” என்று இன்ஸ்பெக்டர் திருப்பிச் சொன்னார். “உங்க வாக்குமூலமா எழுதிக்கலாமா?”

“தாராளமா எழுதுங்க.”

எழுதினார். விசாலாட்சி கையெழுத்துப் போட்டாள். மண்டல் தக்கையைப் பிடுங்கினான். இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே தம்ளரில் கொஞ்சம் ஊற்றினார். வெளிர் மஞ்சள். கூஜாவைச் சாய்த்தார்.

தண்ணீர் விழுந்தது. மஞ்சள் இன்னும் வெளிறியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. தம்ளருக்கு அந்தப் பக்கம் மண்டலின் சட்டைப் பித்தான் தெளிவாகத் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க,” என்றாள் விசாலாட்சி.

ஊற்றினார். தெளிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

வாசல்படியில் நின்றிருந்த பொன்னம்மா பெருமூச்சு விட்டாள். இரண்டு கைகளையும் கூப்பினாள். இரண்டு நாளாக இறுகிக் கிடந்த அவள் முகம் முதல் தடவையாகத் தளர்ந்தது.

“ஒண்ணும் ஆகல சார். பாத்தீங்கல்ல, ஒண்ணுமே ஆகல. பாட்டில் சுத்தமா இருக்கு.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி மெதுவாக வைத்தார்.

“ஆமாம்மா, ஒண்ணும் ஆகல. அதுதான் விஷயமே.” விசாலாட்சியின் பக்கம் திரும்பினார். “நீங்க சொன்ன கணக்குப்படியே வரேன். இது வெளுக்காத சரக்கு. அன்னிக்கு இதே பாட்டில்லேர்ந்து ஊத்தினது தம்ளர்ல வெளுத்திருக்கு. பாட்டில்ல ஒண்ணும் இல்லேன்னா, வெளுக்க வச்சது தம்ளர்ல விழுந்திருக்கு. தம்ளர் யார் கையில இருந்தது?”

அவர் வாக்குமூலத் தாளை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார்.

“இதுவரைக்கும் எங்கிட்ட பஜார் பேச்சுதான் இருந்தது. இப்போ சுங்க இலாகாவுல வேலை பார்த்த ஒருத்தரோட வாக்குமூலமே கிடைச்சிருக்கு. ரொம்ப உபகாரம்.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

விசாலாட்சி தம்ளரை எடுத்து முகர்ந்தாள். கனியிடம் நீட்டினாள்.

“எனக்கு ஹராம்க்கா.”

“மோந்து பார்க்கறது ஹராம் இல்லை.”

முகர்ந்தான். மூக்கைச் சுருக்கினான். “கேன்டீன் பிராந்தி. தண்ணி விட்டு இளக்கியிருக்கு. ராத்திரி என் ஜீப்புல ஏறுற பாதிப் பேர் இந்த வாசனையோடதான் ஏறுவான்.”

“சோம்பு வாசனை?”

“மருந்துக்குக் கூட இல்லை.”

“மாத்தியிருக்காங்க சார்,” என்றாள் விசாலாட்சி. “அசல் சரக்கைக் கொட்டிட்டு இதை ரொப்பியிருக்காங்க. வாயைத் திறக்கறதுக்கு முன்னால மோந்து பார்த்திருக்கணும். என் பேச்சு முந்திக்கிட்டுது.”

“யாரு மாத்தினது?”

“தெரியலை.”

“தெரிஞ்சுதுன்னா கொண்டாங்க. கப்பல் மத்தியானம் போகுது.” மண்டலைப் பார்த்துத் தலையசைத்தார். அரக்கு சொட்ட ஆரம்பித்தது. “எனக்கும் இதுல சந்தோஷம் இல்லம்மா. அந்தப் பையன் போட்ட மீன் குழம்பை நானும் சாப்பிட்டிருக்கேன்.”

வெளியே படியில் பொன்னம்மா காத்திருந்தாள். “எப்பக்கா விடுவாங்க?”

“பாக்கலாம்.”

“சாயங்காலத்துக்குள்ள விடலேன்னா சோறு கொண்டாந்து குடுக்கலாமா? லாக்கப்பு சோறு அவருக்குச் சேராது.”

“வீட்டுக்குப் போய்ச் சமைச்சு வை,” என்றாள் விசாலாட்சி.

*

“மாத்தினவன் யாரு?” கனி கியரை மாற்றினான். “பாட்டிலைக் கொண்டாந்தவன்தானே? நம்ம ஜம்புலிங்கம் முதலியார். அந்த ஆளு பாண்டிச்சேரிச் சொல்தா வீட்டுப் பிள்ளையாச்சே. அதைச் சொல்லாம ஒரு டீ கூடக் குடிக்க மாட்டாரு.”

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பாண்டிச்சேரிக்காரர். ஜம்புலிங்கத்தின் அப்பா சொல்தா என்பதும், வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரைக் காலி செய்தபோது இந்தப் பாட்டிலை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதும் போர்ட் பிளேரில் ரேடியோ வைத்திருக்காதவர்களுக்குக் கூடத் தெரியும்.

“கனி, பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியை விட்டு எப்போ போனான்?”

“இருபது வருஷம் இருக்கும்.”

“சேவல் விளக்கு மேல ஏறினது எப்போ?”

கனி சாலையைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்த்தான். “நீங்கதான் சொல்லணும்.”

“நான் சுங்கத்துலேர்ந்து விலகின வருஷம். ரெண்டு கம்பெனியும் சேர்ந்தாச்சு, இனிமே லேபிள் இப்படி இருக்கும்னு எங்களுக்குப் படம் அனுப்பினாங்க. நாலு வருஷம்கூட முழுசா ஆகல. இருபது வருஷத்துக்கு முன்னால அந்தச் சேவல் கீழேதான் நின்னுட்டிருந்தது.”

“அப்போ துரை குடுத்த பாட்டில்?”

“துரை குடுக்கல. இன்னொண்ணு. சொல்தா வீட்டுல பிறந்து வளர்ந்தவனுக்கு, இந்தச் சரக்கு தண்ணி பட்டா வெளுக்கும்னு பால்குடி மறக்கறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கும். தம்ளர் வெளுத்ததும் விஷம்னு கத்தினது யாரு?”

கனி விசில் அடித்தான். ஜீப் கப்பல் துறையான ஹாடோ ஜெட்டியை நோக்கித் திரும்பியது. ஜம்புலிங்கம் இதே கப்பலில் கல்கத்தா போகிறார் என்பது காலையிலேயே தெரிந்த சேதி. பக்தவத்சலத்தின் அஸ்தியைக் கங்கையில் கரைக்கும் பொறுப்பு கூட்டாளிக்கு வந்திருந்தது.

ஜெட்டியில் கூட்டம். மூட்டை, முடிச்சு, வங்காளி வீட்டுக் குழந்தைகளின் அழுகை, மெயின்லேண்ட் போகிறவர்களிடம் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறவர்களின் கத்தல். கப்பலின் ஏணிப்படிக்குக் கீழே, வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி, ஜம்புலிங்கம் நின்றிருந்தார். மல் ஜிப்பா. கையில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண் கலயம். அதைத் தரையில் வைக்கக் கூடாது என்பதற்காக இடதும் வலதுமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஜம்புலிங்கம் சார், உங்கப்பா எந்தப் பட்டாளத்துல இருந்தார்?” என்றாள் விசாலாட்சி.

“சைகோன்ல இருந்தார். ஏன்?”

“அவருக்குத் துரை குடுத்த பாட்டில் லேபிள்ல சேவல் எங்கே இருந்தது?”

“என்னம்மா கேள்வி இது? விளக்கு மேல.”

விசாலாட்சி சொன்னாள். சேவலைச் சொன்னாள், விளக்கைச் சொன்னாள், கத்தின கத்தலைச் சொன்னாள். கேட்கக் கேட்க ஜம்புலிங்கத்தின் முகத்திலிருந்து பாண்டிச்சேரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“மெதுவாப் பேசும்மா,” என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். “எங்கப்பா சொல்தா இல்லை. ஒரு சொல்தா வீட்டுல தோட்ட வேலை பாத்தார். திண்டிவனம் பக்கம். பாட்டில் போன தடவை கல்கத்தாவுல ஒரு கப்பல்காரன் கிட்ட வாங்கினது. அது வெளுக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“அப்புறம் ஏன் சார் இத்தனை வருஷமா சொல்தா பிள்ளைன்னு சொன்னீங்க?”

“இங்கே வந்தவன்ல யாரு உண்மையைச் சொன்னான்? கப்பல் ஏறும்போது அவனவன் ஒரு அப்பனைச் சொல்லிக்கிட்டு ஏறினான். நானும் ஒருத்தரைச் சொன்னேன். யார் போய்ச் சரிபார்க்கப் போறா?”

கனி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். அவனுடைய நாகூரும் உண்மையில் நாகூர் இல்லை. பக்கத்து ஊர்.

“சரி. சரக்கை ஏன் மாத்தினீங்க?”

“எதை மாத்தினேன்?”

அந்தத் திகைப்பு நடிப்பில்லை. ஆயிரம் பயணிகளின் பெட்டியைத் திறந்து பார்த்தவளுக்கு அது தெரியும்.

“பாட்டிலைத் திறந்தது யாரு?”

“நான்தான். முத்திரையை உடைச்சதும் குப்புன்னு சோம்பு வாடை. இதென்னடா பிள்ளைப் பேத்துக்குக் குடுக்கற கஷாயம் மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். வெளியில சொல்லல.”

“இதை அப்படியே வந்து இன்ஸ்பெக்டர் கிட்ட சொல்லுங்க. இப்பவே. பாட்டில்ல இருந்தது அசல் சரக்குன்னு சொல்ல ஊர்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. குழந்தைவேலு உயிர் உங்க வாயில இருக்கு.”

கப்பல் ஊதியது. ஜெட்டி மொத்தமும் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

ஜம்புலிங்கம் கலயத்தைப் பார்த்தார். “இதைக் கையில வச்சுக்கிட்டு நான் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறறதா? கரைச்சுட்டு வந்து சொல்றேன்.”

“எப்போ வருவீங்க?”

“வருவேன்.”

“வர மாட்டாரு,” என்று கனி முணுமுணுத்தான்.

“என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? திருட்டு பாட்டிலை வாங்கினேன், என் அப்பன் பொய், என் பேச்சு பொய், ஆனா இது மட்டும் உண்மைன்னு சொன்னா யாரு நம்புவான்? எனக்கு அங்கே காண்டிராக்ட் இருக்கு. பேர் இருக்கு.” படியில் காலை வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பினார். “நாங்க யாரும் மாத்தலம்மா. அவர் சாய்ஞ்சதும் எல்லாரும் சேர்ந்து தூக்கி ஜீப்புல போட்டோம். குழந்தைவேலுவும் வந்தான். அவன் மடியிலதான் அவர் தலை இருந்தது. ஆஸ்பத்திரியில விடியற வரைக்கும் எங்க கூடவே நின்னான். பங்களாவுல யாருமே இல்லை.”

“பூட்டிட்டா போனீங்க?”

“எங்கே பூட்டறது? அந்தச் சமையக்காரன் பொண்டாட்டி இருந்தா. மத்தபடி யாருமில்லை.”

அவர் ஏறிப் போனார். விசாலாட்சியின் கை ஒரு தடவை நீண்டு, காற்றைப் பிடித்து, இறங்கியது. அவரைப் பிடித்து நிறுத்த அவள் தோளில் நட்சத்திரம் இல்லை. கூச்சல் போட்டால் ஒரு விதவை அஸ்திக் கலயத்தை மறிக்கிறாள் என்றுதான் ஜெட்டி பார்க்கும்.

ஏட்டு மண்டல் மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனான். அரக்கு இன்னும் ஈரமாகப் பளபளத்தது. பழக்க தோஷத்தில் கனிக்குச் சலாம் வைத்துவிட்டு அதே படியில் ஏறினான்.

சாம்பலும் பாட்டிலும் சாட்சியும் ஒரே கப்பலில்.

“ஏதாவது பேசு கனி.”

“ஒரு ஜோக்கும் வர மாட்டேங்குதுக்கா. அதான் பயமா இருக்கு.”

விசாலாட்சி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். வெறும் தம்ளர் மடியில் உருண்டது. பிராந்தியில் தண்ணீரை எவ்வளவு பார்த்துப் பார்த்து விட்டால் அந்த மஞ்சள் வரும் என்று யோசித்தாள். அது கை பழகினவர்கள் வேலை. ரசத்துக்குப் புளி கரைத்து நிறம் பார்த்தே நிறுத்துகிறவர்கள் வேலை.

“கனி, இன்னிக்குக் காலையிலேர்ந்து பொன்னம்மா என்னென்ன சொன்னா, சொல்லு பாப்போம்.”

“அழுதுச்சு. எப்படியாவது வெளியில கொண்டாந்துருங்கன்னுச்சு. பாட்டிலைச் சோதிக்கச் சொல்லுன்னுச்சு. ஒண்ணும் இருக்காதுன்னுச்சு.”

“என் புருஷன் இதைச் செய்யலேன்னு சொன்னாளா?”

கனி சாவியிலிருந்து கையை எடுத்தான்.

“சொல்லலை,” என்றான்.

*

மின்னி பேயில் பங்களா சாத்திக் கிடந்தது. பின்னாலிருந்த ஒற்றை அறையில் புகை வந்துகொண்டிருந்தது. பொன்னம்மா தூக்குச் சட்டியில் சோற்றை வைத்து, மேலே குழம்பு வழியாமல் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். விசாலாட்சியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“விட்டுட்டாங்களாக்கா?”

விசாலாட்சி தரையில் உட்கார்ந்தாள். “பிராந்தி யாரோடது பொன்னம்மா?”

பொன்னம்மாவும் எதிரில் உட்கார்ந்தாள். மறுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“ஐயாவோடது. அலமாரியில இருந்துச்சு.”

“எப்போ ரொப்பினே?”

“அவங்க தூக்கிட்டுப் போனதுமே. இருட்டறதுக்கு முன்னால. வெறும் பாட்டிலா வச்சா சந்தேகம் வரும்ல? அதான் நிறம் பாத்துப் பாத்து தண்ணி விட்டேன்.”

“இருந்ததை எங்கே கொட்டினே?”

அவள் கையால் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால், கடல் இறங்கும்போது பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கும் ஒரு குழி. இப்போது அதன்மேல் கடல் ஏறியிருந்தது.

“அலையில கொட்டினா கரைக்கே திரும்பி வந்துருமோன்னு அந்தக் குழியில ஊத்தினேன்க்கா. ஊத்த ஊத்தத் தண்ணி பாலா வெளுத்துச்சு. அதுக்குள்ள குட்டி மீனுங்க இருந்துச்சு. பாத்துக்கிட்டு இருக்கறப்பவே மல்லாந்துருச்சுங்க.” குரல் இறங்கியது. “அதுவரைக்கும் விஷமா இருக்குமான்னு பாதி சந்தேகம்தான். மீனைப் பாத்தப்புறம் சந்தேகமே இல்லை.”

கனி வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

“அறை வாங்கின அன்னிக்கு ராத்திரி, ‘ஒருநாள் சோத்துல எதையாவது வச்சுடறேன் பாரு’ன்னாரு. கோவத்துல சொல்றாருன்னு விட்டுட்டேன்.”

“அவன்கிட்ட நீ கேக்கவே இல்லையா?”

“ஸ்டேஷன்ல கம்பி வழியா ஒரு நிமிஷம் பாத்தேன். அவரு எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாருக்கா. அதான் கேக்கல. பாட்டில் சுத்தமாயிடுச்சே, இனிமே கேட்டு என்ன ஆவப் போகுதுன்னு இருந்துட்டேன்.”

விசாலாட்சிக்குச் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. இவள் நாளைக்கு ஸ்டேஷனில் போய் உண்மையைச் சொன்னால், புருஷனுக்காகச் சோடித்த கதை என்பார்கள். நம்பினால் இவளையும் உள்ளே வைப்பார்கள். கல்கத்தாவிலிருந்து வரும் காகிதம், பாட்டிலில் பிராந்தியும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் இல்லை என்று சொல்லும். அதற்குக் கீழே, வெளுக்காத சரக்கு போலி என்ற வாக்குமூலம். கையெழுத்து, விசாலாட்சி.

ஆனாலும் சொன்னாள். சோம்பைச் சொன்னாள். தண்ணீர் பட்டால் அது எப்போதும் வெளுக்கும் என்றாள். கடல் தண்ணீரானாலும் வெளுக்கும் என்றாள். எந்தச் சாராயத்தை ஊற்றினாலும் குட்டி மீன் மல்லாந்துதான் போகும், பக்தவத்சலத்துக்கு நின்றது அவருடைய சொந்த இருதயம்தான் என்றாள். மெதுவாக, ஒவ்வொன்றாக.

பொன்னம்மா தூக்குச் சட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் கப்பல் இன்னொரு முறை ஊதியது. அது துறையை விட்டு வெளியேறுகிற ஊதல். அது ஓயும்வரை காத்திருந்தவள் போல, பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“அப்போ அவரு செய்யலையாக்கா?”